ஆறு மாதத்திற்கு மேல் தங்குவோர்

வளனார்புரம்,
19 ஜனவரி 2025

பெருமதிப்பிற்குரிய முனைவர் ஜெபசுதா அவர்களின் சமூகத்திற்கு, வளனார்புரம் பெ. மெட்டில்டா பணிவுடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் நவம்பர் இருபதாம் தேதியிட்டு எழுதிய கடிதம் உரிய நேரத்தில் கிடைத்தது. பதில் எழுத இரண்டு மாதங்கள் ஆகிவிட்டதற்கு மன்னிப்புக் கோருகிறேன். கிறிஸ்துமஸ் வேலைகள், மருமகன் வீட்டார் வருகை, என் கணவர் வளனின் முதுகுவலி என்று காரணங்களை அடுக்கலாம். உண்மையில், கடிதத்தைப் படித்த அன்றே பதிலை மனத்திற்குள் எழுதி முடித்துவிட்டேன். காகிதத்தில் ஏற்றுவதற்கு அது போதிய மரியாதையாக இல்லாததால் ஆறப் போட்டேன்.

கைபேசியில் அழைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கைபேசியில் தாங்கள் வேகமாகப் பேசி வென்றுவிடுகிறீர்கள். காகிதத்தில் நாம் இருவரும் இன்னும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்.

எங்கள் ஊருக்கும் மேலத்துறைக்கும் பொதுவாக ஒரு துணை சுகாதார நிலையம் வரவிருக்கிறது என்றும், அதை எந்த ஊரில், எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதற்குத் தங்கள் ஆராய்ச்சி நிலையம் மக்கள்தொகை அறிக்கை தயாரிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. வீடு வீடாகக் கணக்கெடுக்க என் இளைய மகள் ஷெர்லினை அனுப்பும்படியும் கேட்டிருந்தீர்கள். அங்கேதான் என் பேனா நின்றது.

தங்களுக்கு ஒன்றை நினைவூட்ட அனுமதிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு போலியோ சொட்டு மருந்து முகாமிற்கு எங்கள் ஊருக்கு அறுபது குழந்தைகளுக்கான மருந்து வந்தது. வரிசையில் தொண்ணூறுக்கு மேல் நின்றார்கள். மீதிப் பேருக்கு மறுநாள் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்கள். ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தார்கள். வந்த செவிலியர் மேல் தவறில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட தாளில் அறுபது என்றுதான் இருந்தது. அன்று மாலை ஒரு நீளக் குயர் நோட்டை வாங்கினேன். பங்குக் கோவிலில் திருமுழுக்குப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் எழுதுகிறவள் நான்தான். பிறந்து திருமுழுக்குப் பெற்றவர்களைக் கூட்டி, அடக்கம் செய்யப்பட்டவர்களைக் கழித்து, பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஊரின் கணக்கை வைத்திருக்கிறேன். இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை.

ஆகவே, இருக்கிற கணக்கைக் கேட்காமல் இல்லாத கணக்கை எடுக்க என் மகளை அழைப்பதன் நோக்கம் எனக்குப் புரியவில்லை. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நான் தொண்ணூற்றாறு. தாங்கள் எண்பத்தொன்பது. அந்தக் கோடையில் என் அப்பா போன தோணி திரும்பவில்லை, நான் வலைக்கூடத்திற்குப் போனேன், தாங்கள் பதினொன்றாம் வகுப்பிற்குப் போனீர்கள். குறையாகச் சொல்லவில்லை. எண்களைச் சொல்கிறேன்.

நிலையம் எங்கள் ஊரில்தான் வர வேண்டும். தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். அந்தச் சாலையில் என் மூத்த மகள் ஜெனிட்டா பட்டதை நான் யாருக்கும் எழுதியதில்லை. இப்போதும் எழுதப் போவதில்லை.

ஷெர்லின் வரச் சம்மதிக்கிறாள். நான் தடுக்கவில்லை.

இங்ஙனம்,
பெ. மெட்டில்டா

*

சென்னை,
3 பிப்ரவரி 2025

ஏளா மெட்டில்டா,

இன்னொரு முறை என்னை முனைவர் என்று எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். நம் விடுதியில் என் மதிப்பெண் பட்டியலை எங்கள் அப்பாவுக்கு முன்பே பார்த்துவிட்டுச் சிரித்தவள் நீ. எண்பத்தொன்பதை நான் மறக்க நீ விட மாட்டாய் என்று தெரியும்.

உன் நோட்டு இருப்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் ஆசை. ஆனால் நீ அதை யாருக்கும் கொடுத்ததில்லை என்று ஷெர்லின் சொன்னாள். தன்னையே தொட விட்டதில்லையாம்.

வீடு வீடாகப் போவதற்குக் காரணம் இருக்கிறது. போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011இல். அன்று பிறந்த பிள்ளைக்கு இப்போது மீசை முளைக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இன்று பிறக்கும் பிள்ளைக்குத் திட்டம் போட முடியாது. அதோடு மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. ஆயிரம் பேர் உள்ள ஊரில் முதியவர்கள் அதிகமா, கைக்குழந்தைகள் அதிகமா என்பதைப் பொறுத்துத்தான் அங்கே அனுப்ப வேண்டியது சர்க்கரை மாத்திரையா தடுப்பூசியா என்று தெரியும். நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: ஆறு மாதத்திற்கு மேல் யார் எங்கே தங்குகிறாரோ, தங்கப் போகிறாரோ, அவரை அங்கேதான் எழுத வேண்டும். ஒருவரையும் இரண்டிடத்தில் எழுதக் கூடாது. ஒருவரையும் எங்குமே எழுதாமல் விடவும் கூடாது.

ஷெர்லின் கெட்டிக்காரி. உன் கூர்மை அப்படியே இருக்கிறது. அவளை எனக்குக் கொஞ்ச நாள் கடன் கொடு.

வளன் அண்ணனுக்கு முதுகு தேவலையா? ஜெனிட்டாவைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
ஜெபா

*

வளனார்புரம்,
16 மார்ச் 2025

மதிப்பிற்குரிய ஜெபசுதா அவர்களுக்கு,

முனைவர் என்ற சொல்லைத் தங்கள் விருப்பப்படி நீக்கியிருக்கிறேன். சம்பாதித்த பட்டத்தை வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வசதிதான்.

கணக்கெடுப்பு முடிந்தது. தங்கள் கையகலக் கணினியைத் தூக்கிக்கொண்டு என் மகள் இந்த ஊரை வலம் வந்த ஆறு வாரங்களில் நான் கேட்ட ஒரே வாக்கியம், 'ஜெபசுதா மேடம் அப்பிடிச் சொல்லல' என்பது. மீன் குழம்பில் புளி கூடியிருக்கிறதா என்று கேட்டால்கூட அவளிடமிருந்து அதே பதில் வருமோ என்று அஞ்சினேன். அவள் பள்ளிக்கூடம் போன பன்னிரண்டு ஆண்டும் வாய்ப்பாட்டை ஒப்பித்தது என்னிடம். இன்று அவள் ஒரு கூட்டலைச் சரிபார்க்கச் சென்னைக்குப் போன் போடுகிறாள்.

ஒருநாள் அவளோடு நானும் போனேன். சரிபார்க்க அல்ல, சும்மா. எதிர்வீட்டு அந்தோணியம்மாளிடம், "வீட்டுல எத்தன பேரு சித்தி?" என்றாள்.

"அஞ்சு பேரு. ஒங்க சித்தப்பா கடல்ல. எழுதிக்க. இல்லேன்னு மட்டும் எழுதிராதளா."

கடலுக்குப் போனவரை வாயால் இல்லை என்று சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை, தங்களுக்குத் தெரியாததல்ல. ஷெர்லின் உடனே, "வாராருன்னு எழுதுதேன் சித்தி" என்று சொல்லி அவரையும் சேர்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் செய்தாள். அதையும் தாங்கள் கற்றுக்கொடுத்ததாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டிற்கு வந்து கேட்டேன். இல்லையாம், தானாகத் தோன்றியதாம். அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்திற்கு வருகிறேன். முடிவுகளை ஷெர்லின் மறைக்கத்தான் பார்த்தாள். நான் பெற்றவளாயிற்றே. வளனார்புரத்தில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் நூற்று முப்பத்தொன்று என்றும், மேலத்துறையில் நூற்று நாற்பது என்றும், ஆகவே நிலையம் மேலத்துறையில் என்றும் தங்கள் வரைவு சொல்கிறது. நூற்று முப்பத்தொன்று! என் பதிவேட்டின்படி இந்த ஊரில் இருநூற்றுப் பதினான்கு குழந்தைகள். ஒவ்வொரு பெயரையும் என் கையால் எழுதியிருக்கிறேன். மீதி எண்பத்து மூன்று குழந்தைகளைத் தங்கள் கணினி எங்கே வைத்திருக்கிறது?

இன்னொன்று. வரைவோடு இருந்த வீட்டுப் பட்டியலில் என்னை 'வ. மெட்டில்டா, இல்லத்தரசி' என்று எழுதியிருக்கிறது. என் தலைப்பெழுத்து பெ. என் அப்பா பெலவேந்திரனுடையது. அவர் எழுத்தை நான் யாருக்காகவும் மாற்றவில்லை.

வரும் ஏப்ரல் ஏழாம் தேதி திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நோட்டோடு மனு கொடுக்கப் போகிறேன். தங்கள் அறிக்கை தவறு என்று அதில் எழுதியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் செய்ய விரும்பாததால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

இங்ஙனம்,
பெ. மெட்டில்டா

*

சென்னை,
30 மார்ச் 2025

அன்புள்ள மெட்டில்டா,

தலைப்பெழுத்தைத் திருத்திவிட்டேன். அது என் கவனக்குறைவு. உன் அப்பா பெயரை நான் மறந்திருக்கக் கூடாது.

மனுவைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் உரிமை. கொடுக்கும் முன் இதை மட்டும் படித்துவிடு. உன் எண்ணைச் சந்தேகப்படுவதற்கு முன்பு என் எண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி, ஷெர்லின் கடந்த ஐந்து ஆண்டுத் திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராக வீடுகளோடு ஒப்பிட்டாள். உன்னிடம் சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை.

காணாமல் போனது எண்பத்து மூன்று பேர் அல்ல, மெட்டில்டா. நூற்று இருபத்திரண்டு பேர். உன் நோட்டில் உள்ள இருநூற்றுப் பதினான்கில் தொண்ணூற்றிரண்டு பேர்தான் இன்று வளனார்புரத்தில் இருக்கிறார்கள். நாற்பத்தெட்டு குழந்தைகளின் தாய்மார் கட்டிக்கொடுத்துப் போன உங்கள் ஊர்ப் பெண்கள். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்தார்கள், பிள்ளைக்கு இங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வீட்டிற்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எழுபத்து மூன்று பேர் டவுனில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். குடியிருப்பது துறைமுகத்துப் பக்கம். ஞானஸ்நானத்திற்கு மட்டும் சொந்தக் கோவிலுக்கு வருகிறார்கள்.

அதே சமயம், இன்று உன் ஊரில் இருக்கிற முப்பத்தொன்பது குழந்தைகள் உன் நோட்டில் இல்லை. வெளியூரிலிருந்து வந்த மருமகள்களின் பிள்ளைகள். அவர்களுக்கு ஞானஸ்நானம் அம்மாவைப் பெற்ற ஊரில் நடந்திருக்கிறது. அந்தோணியம்மாளின் பேரனும் அதில் ஒருவன். உன் வாசலில் வந்து தினமும் முறுக்கு வாங்கித் தின்கிறானாமே, அவன்.

தொண்ணூற்றிரண்டும் முப்பத்தொன்பதும் நூற்று முப்பத்தொன்று.

உன் நோட்டு பொய் சொல்லவில்லை. இந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்லிக்கொள்பவர்கள் யார் என்று அது சொல்கிறது. நாளைக் காலை யாருக்கு இங்கே தடுப்பூசி போட வேண்டும் என்பது வேறு கேள்வி.

நாற்பத்தெட்டும் எழுபத்து மூன்றும் நூற்று இருபத்தொன்றுதான் வருகிறது என்பதை நீ இதற்குள் கூட்டிப் பார்த்திருப்பாய். மீதி ஒரு பெயர் 2022ஆம் ஆண்டுப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டபோது ஷெர்லின் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். நான் எதுவும் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாமல் போனதற்கு மன்னித்துக்கொள்.

உன் ஜெபா

*

வளனார்புரம்,
9 ஏப்ரல் 2025

முனைவர் ஜெபசுதா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மனுவைக் கொடுக்கவில்லை. தங்கள் விளக்கம் அதற்குக் காரணம் என்று எண்ண வேண்டாம். அன்று பேருந்து வரவில்லை.

என் வீட்டில் நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைத் தங்களிடம் என் மகள் சொல்லியிருக்கிறாள். மூன்று ஆண்டுகளாக அவள் என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அதையும் தாங்கள் பெற்றுக்கொண்டீர்கள்.

இனி எழுத விருப்பமில்லை.

பெ. மெட்டில்டா

*

வளனார்புரம்,
18 மே 2025

ஜெபசுதாவுக்கு,

இனி எழுத விருப்பமில்லை என்று எழுதியவள் எழுதுகிறேன். விருப்பம் இன்னும் வரவில்லை. அவசியம் வந்திருக்கிறது.

கோபம் தணிய நான் நடப்பது வழக்கம். இந்த முறை நோட்டையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். தடைக்காலமாகையால் படகுகள் கரையில் இருந்தன, ஆண்கள் வீட்டில் இருந்தார்கள், எந்த வீட்டிலும் பதில் சொல்ல ஆள் இருந்தது. நூற்று இருபத்திரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். உன் கணக்கில் பிழை கண்டுபிடிக்கத்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை. ஒரு பிழைகூட இல்லை. முப்பத்தொன்பது பிள்ளைகளையும் கண்ணால் பார்த்தேன். அந்தோணியம்மாளின் பேரனுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு அவன் பெயரைக் கேட்டேன். ஜெஃப்ரின் என்றான். அந்தோணியம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்து, "ரெண்டு வருசமா இவனுக்குத் தீனி போடுத, இப்பத்தான் பேரு கேக்குதியாக்கும்?" என்றாள்.

ஆனால் ஜெபசுதா, உன் கணக்கு சரி என்றால் உன் அறிக்கையும் சரி என்று ஆகாது. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. பொறாமை வேறு பக்கத்தில் அதன்பாட்டுக்கு இருக்கிறது.

உன் வரைவில் வளனார்புரத்தில் பதினோரு கர்ப்பிணிகள், மேலத்துறையில் பதினான்கு, ஆக இருபத்தைந்து. ஆகையால் தடுப்பூசி அறை போதும், பிரசவ அறை வேண்டியதில்லை என்று இருக்கிறது. தலைப்பிரசவத்திற்கு வந்த மகள்களை இங்கே எழுதாதே என்று உன் விதி சொல்கிறது. அவர்கள் ஆறு மாதம் தங்குவதில்லை. ஏழாம் மாதம் வருகிறார்கள், பிள்ளைக்குக் கழுத்து நிற்கும்போது போகிறார்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவது புருஷன் ஊர். சரி. ஆனால் வலி எடுப்பது இங்கே. டவுனில் குடியிருக்கிறவளும் மாதம் ஆனதும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இங்கேதான் வந்து படுக்கிறாள். இடுப்புவலி உன் குடியிருப்பு விதியைப் பார்த்து வருவதில்லை.

ஆகவே மே பத்தாம் தேதி நிலவரப்படி புதிதாக எண்ணினேன். தாய்வீட்டிற்குப் போகவிருக்கும் மருமகள்கள் இருவரைக் கழித்தேன். பிரசவத்திற்கு வந்திருக்கும் மகள்கள் ஒன்பது பேரைக் கூட்டினேன். வளனார்புரத்தில் பதினெட்டு.

மேலத்துறையையும் எண்ணாமல் இதை அனுப்புவது நியாயமாகப் படவில்லை. உப்பளச் சாலை வழியாக மூன்று நாள் நடந்து போய்வந்து எண்ணினேன். அந்த ஊர்ப் பெண்கள் என்னை உளவு பார்க்க வந்தவளைப் போலத்தான் பார்த்தார்கள், காப்பி மட்டும் கொடுத்தார்கள். போகிறவர் மூவர், வந்தவர் எட்டுப் பேர். மேலத்துறையில் பத்தொன்பது.

ஒன்று கூடுதல். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பத்தொன்பதைப் பதினேழாக்கினால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. தோன்றியதையும் எழுதிவிடுகிறேன். என் கையால் அதைச் செய்ய முடியவில்லை. நிலையத்தை மேலத்துறையிலேயே வை. அங்கே இரண்டு கிலோமீட்டர்; ஒருத்தி வலியோடு நடந்துகூடப் போய்விடுவாள். ஆனால் முப்பத்தேழு பேருக்குப் பிரசவ அறை வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளில் எந்த மாதம் எத்தனை மகள்கள் பிரசவத்திற்கு வந்தார்கள் என்பது என் நோட்டில் இருக்கிறது. திருமுழுக்குத் தேதியை வைத்து அதை எடுக்கலாம். நீ எவ்வளவு படித்தாலும் அது உன்னிடம் இல்லை. நோட்டையே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஓரம் மடக்காதே. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதே.

2022ஆம் ஆண்டுப் பக்கத்தைப் பார்ப்பாய். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். ஜெனிட்டாவின் தலைப்பிள்ளை. புருஷன் ஊரான மணப்பாட்டிலிருந்து அவளை ஏழாம் மாதம் அழைத்துவந்தது நான். எங்கள் ஊர் ஜெர்சனுடைய வேனில் டவுனுக்குப் போகிற வழியில் பதினான்காவது கிலோமீட்டரில் பிறந்தான். மூச்சு சரியாக இல்லை. ஆபத்து நேரத்தில் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை ஒழுங்கு. குடிக்க வைத்திருந்த தண்ணீரை நானே ஊற்றினேன். பெயர் யோசிக்க நேரமில்லை. வாயில் வந்தது என் அப்பா பெயர். பெலவேந்திரன். ஆஸ்பத்திரி வாசல் வரைதான் இருந்தான்.

அடக்கம் மணப்பாட்டில் நடந்தது. அதனால் எங்கள் அடக்கப் பதிவேட்டில் அவன் இல்லை. என் முறைப்படி பிறப்பைக் கூட்டி அடக்கத்தைக் கழித்தால் அவன் உயிரோடு இருக்கும் குழந்தைகளில் ஒருவன். முறை அப்படிச் சொல்கிறது என்று மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டேன். இப்போதும் அந்த வரியை அடிக்கவில்லை. கூட்டுத்தொகையிலிருந்து மட்டும் கழித்திருக்கிறேன்.

மே மாதக் கணக்கில் நான் கூட்டிய ஒன்பது மகள்களில் ஜெனிட்டாவும் ஒருத்தி. இரண்டாவது பிள்ளைக்குத் தாய்வீடு வருவது வழக்கமில்லை. அவள்தான் வர வேண்டும் என்றாள். ஆகஸ்டில் தேதி சொல்லியிருக்கிறார்கள்.

உன் வரைவில் ஓரிடத்தில் 'ஆதாரம்: உள்ளூர்ப் பதிவுகள்' என்று இருந்தது. அந்தப் பதிவுகளுக்குக் கை இருக்கிறது, பெயரும் இருக்கிறது. அதை எழுது.

மெட்டில்டா

*

சென்னை,
5 ஜூன் 2025

என் மெட்டில்டா,

நோட்டு வந்தது. கைகழுவிவிட்டுத்தான் தொட்டேன். ஒரு ஓரமும் மடங்கவில்லை.

உன் எண்களை நான் திருப்பிச் சோதித்தேன். உன்னிடம் அதை மறைக்க மாட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. கூட்டத்தில் உன் பக்கங்களைத்தான் முதலில் வைத்தேன். 'வழக்கமாகத் தங்குவோர்' என்று ஒரு நிரலும் 'பிரசவத்திற்காகத் தங்குவோர்' என்று இன்னொரு நிரலும் போட்டோம். முப்பது ஆண்டாக இந்த வேலை செய்கிறேன். எனக்கே இரண்டாவது நிரல் தோன்றியதில்லை. எனக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ளத் தாய்வீடு போகும் யோகம் கிடைக்கவில்லை, அதனாலும் இருக்கலாம்.

மேலத்துறையில் பிரசவ அறையோடு நிலையம் என்று முடிவாகியிருக்கிறது. கட்டடம் முடிய ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை வாடகை வீட்டில் ஜூலை முதல் இரண்டு செவிலியர்கள். ஒரு வண்டியும் அங்கேயே நிற்கும். ஜெனிட்டாவிடம் சொல். அறிக்கையின் அந்தப் பக்கத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். ஆதாரம் என்ற இடத்தைப் பார்.

இன்னொரு விஷயம். எங்கள் நிலையத்தில் ஓராண்டுப் பயிற்சி இடம் ஒன்று இருக்கிறது. ஷெர்லினுக்குக் கொடுக்க விரும்புகிறேன். தங்க என் வீட்டிலேயே அறை இருக்கிறது. அவளுக்கு ஆசை. உன்னிடம் கேட்கப் பயப்படுகிறாள், நான் கேட்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. அதற்கு மேல் வற்புறுத்த மாட்டேன்.

உன் ஜெபா

*

வளனார்புரம்,
22 ஜூன் 2025

ஜெபா,

பக்கம் வந்தது. 'ஆதாரம்: பெ. மெட்டில்டா, வளனார்புரம் மக்கள் பதிவேடு, 2006–2025.' ஒரே முறைதான் படித்தேன் என்று எழுத ஆசை. அது தவறான எண்ணாகிவிடும். வளன் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். பிழைதிருத்தம் வரக்கூடும், பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெனிட்டாவை நேற்று மேலத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாடகை வீட்டைக் காட்டினேன். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நடந்தே வந்துரலாம் போலிருக்கும்மா" என்றாள். மேலத்துறைக்காரிகள் சிலர் சிரித்தார்கள். கட்டடம் தங்கள் ஊருக்கு வந்த பெருமை. சிரிக்கட்டும். அவர்கள் பத்தொன்பது பேர்தான். மீதிப் பதினெட்டுப் பேர் நாங்கள் இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒரு மேஜையும் ஊசியும்தான் கிடைத்திருக்கும்.

இனி உன் கடைசிப் பத்தி.

அதைப் படித்தபோது எனக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை. முதலில் கணக்கைக் கேட்டாய். பிறகு நோட்டு தானாக வந்தது. இப்போது பிள்ளையைக் கேட்கிறாய். நான் போயிருக்க வேண்டிய பள்ளிக்கு நீ போனாய். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில் நீ இருக்கிறாய். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதற்கு என் மகளை அழைக்கிறாய். வேண்டாம் என்று ஒரு வரி எழுதச் சொன்னாய். அந்த வரியை நான்கு முறை எழுதினேன். நல்ல வாக்கியம். இலக்கணச் சுத்தமாக இருந்தது.

அதை அஞ்சல் உறையில் போட்டு ஒட்டும்போது ஷெர்லின் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போக ஆசையா என்றேன்.

"ஆசைதாம்மா. ஒங்கிட்ட கேக்காம மேடத்துட்ட ஆமான்னு சொல்லல."

"அங்க போயி என்னத்தப் படிக்கப் போற?"

"ஒன் நோட்டுலருந்து ரெண்டாவது நிரல் வந்துச்சுல்லாம்மா. அத மாதிரி வேற எந்த ஊருல என்ன விட்டுப் போயிருக்குன்னு பாக்கணும்."

மேடம் நிரல் என்று சொல்லவில்லை. என் நிரல் என்றாள். உறையைக் கிழித்துப்போட்டேன்.

வரும் முப்பதாம் தேதி ரயிலில் அவளை ஏற்றுகிறோம். காலையில் தயிர் அவளுக்குச் சேராது. கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரம் மட்டும் சத்தம் போடும். இவை உன் படிவத்தில் வராது. வேறு தாளில் எழுதி வைத்துக்கொள்.

நீ திருப்பி அனுப்பிய நோட்டை இன்று திறந்தேன். ஓராண்டு என்று எழுதியிருக்கிறாய். ஆறு மாதத்திற்கு மேல் எங்கே தங்கப் போகிறாளோ அங்கேதான் அவளை எழுத வேண்டும் என்பது உன் விதி. ஒருவரையும் இரண்டிடத்தில் எழுதக் கூடாது என்பதும் நீ எழுதியதுதான். எங்கள் வீட்டுப் பக்கத்தில் நான்காவது வரியில் அவள் பெயர் இருந்தது. கோடு போட்டேன். நேராக வரவில்லை. அளவுகோலை வைத்து மறுபடி போட்டேன்.

ஆக இன்றைய தேதியில் வளனார்புரத்தில் ஒருவர் குறைவு. இங்கே அடித்தாயிற்று. அங்கே எழுதப்படாமல் என் பிள்ளை ஒருத்தி நடுவழியில் நிற்கக் கூடாது. ஒருவன் நின்றது போதும். அவள் பெயரை உன் வீட்டுக் கணக்கில் எழுதிவிட்டாயா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

விரைவில் பதில் எழுதவும்.

மெட்டில்டா